முழத்துக்குக் கீழே இறங்காதவர்

பூக்கடை அண்ணாச்சி எனப்படும் வகையினர் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் காணப்படுவர் எனினும், அவ்வகையின் முதிர்ந்த வடிவத்தை ஆராய விரும்புவோர் விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், மலையடிவாரத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் செல்வதே முறை. முன்னது பூமாலையாலேயே பெயர்பெற்ற ஊர். பெரியாழ்வார் நந்தவனம் வைத்து வடபத்ரசாயிக்கு மாலை கட்டியதும், அவர் வளர்த்த ஆண்டாள் அதைத் தாம் சூடிப் பார்த்த பின் கொடுத்ததும், சூடிய மாலையே தமக்கு வேண்டும் என்று பெருமாள் கேட்டதும் அவ்வூரின் தலவரலாறு. பின்னது 1936-இல் தொடங்கப்பட்ட இராஜபாளையம் மில்ஸ் முதலான நூற்பாலைகளால் வளர்ந்து, தன் பெயரால் ஒரு நாயினத்தையும் உலகுக்கு அளித்த ஊர். ஒன்றில் பூ பெரும்பாலும் கோயிலுக்குப் போகிறது. மற்றதில் கல்யாண மண்டபத்துக்கும் ஆலைக்கும் போகிறது. விற்பவரைப் பொறுத்தவரை இரண்டு ஊரிலும் உட்கார்ந்திருப்பவர் ஒருவரே எனக் கொள்ளலாம். கடைப்பலகையில் எழுதிய பெயர் மட்டும் வேறு.

அவருடைய கருவிகள் சில: நனைத்த சாக்கு, வாழைநார்க் கற்றை, ஒரு பிளேடு, உதிரிப்பூ நிறுக்கத் தராசு, தண்ணீர் தெளிக்கச் செம்பு. இவற்றுள் சேராததும் இவை அனைத்தினும் முதன்மையானதுமான கருவி அவருடைய வலக்கை. முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை உள்ள நீளமே முழம் என்பதால், கட்டிய பூவை விற்கும் தொழிலில் அளவுகோல் கடைக்காரரின் உடம்பிலேயே அமைந்துவிடுகிறது. 1956-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் நாடெங்கும் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. 2009-இல் வந்த சட்டம் அதைப் புதுப்பித்தது. இவ்விரண்டும் கிலோவையும் லிட்டரையும் வெல்லச் செய்து, சேலைக்கடையில் மீட்டரையும் நிலைநாட்டியபின், பூக்கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டன. கடைக்காரர் நெடியவராக இருந்தால் வாங்குவோருக்கு யோகம். இதை உணர்ந்த நெடிய கடைக்காரர்கள், அளந்து போடும் வேலையை அக்காள் மகனான பன்னிரண்டு வயதுப் பையனிடம் மாலை நேரங்களில் ஒப்படைப்பதுண்டு; அது குடும்பத் தொழிலை இளமையிலேயே பழக்கும் நன்னோக்கம் என்று விளக்கம் தரப்படும்.

இவ்வகையினரை அடையாளம் காண உதவும் முதற் குறி, குறைந்தபட்ச அளவு குறித்து அவர் காட்டும் உறுதி. ஒரு முழத்துக்குக் குறைவாக அவர் பூ விற்பதில்லை. “அரை முழம் போதும்” என்று கேட்கும் பெண்ணிடம் அவர் கோபிப்பதில்லை, விளக்குவதுமில்லை. கையில் இருக்கும் நாரை விடாமல், தலையை நிமிர்த்தாமல், “முழத்துக்குக் கீழே வராது தாயி” என்று மட்டும் சொல்வார். ‘விற்பதில்லை’ என்று சொல்லாமல் ‘வராது’ என்று சொல்வதில், அந்த விதியை விதித்தவர் தாம் அல்லர், பூவின் இயல்பே அது என்னும் தத்துவம் அடங்கியிருக்கிறது.

அத்தத்துவம் முற்றிலும் பொய்யன்று என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டும். இப்பக்கம் இரண்டு, அப்பக்கம் இரண்டு என்று பூக்களை எதிரெதிராக வைத்து நாரால் சுருக்கிட்டுச் சுருக்கிட்டுப் போகும் கட்டில், எந்த இடத்தில் அறுத்தாலும் அறுத்த முனையைத் திரும்ப முடிச்சிட வேண்டும். இல்லையேல் முனையில் உள்ள நாலைந்து பூக்கள் வழியிலேயே உதிரும். மேலும், அரை முழத்தை விற்றபின் எஞ்சும் அரை முழத்தை, அரை முழம் கேட்கும் இன்னொரு பெண் வரும்வரை வைத்திருக்க வேண்டும்; மல்லிகையோ அதுவரை காத்திருக்கும் சரக்கன்று. விடியலில் மொட்டாகப் பறித்து, மதுரை மாட்டுத்தாவணியிலிருந்தோ சங்கரன்கோவில் சந்தையிலிருந்தோ காலையில் வந்து சேர்ந்து, மாலையில் மலர்ந்து, மறுநாள் பழுப்பேறும் பொருள் அது. அதே தெருவில் பால்கோவா விற்பவர் நூறு கிராம் கேட்டாலும் முகம் கோணாமல் நிறுத்துக் கொடுக்கிறார் என்று சுட்டிக்காட்டுவோர் உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பண்டம் மறுநாளும் பால்கோவாவாகவே இருக்கும். மல்லிகை மறுநாள் குப்பை. இந்த வேறுபாட்டை அண்ணாச்சி எவரிடமும் எடுத்துரைத்ததில்லை என்பதால்தான் அவருக்குக் கறார்க்காரர் என்ற பெயர் வந்தது.

கறார் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது வேறு செய்தி. அரை முழம் தர மறுத்தவர், அந்தப் பெண் வேறு வழியின்றி ஒரு முழம் வாங்கியதும், அதன்மேல் நான்கு விரற்கடை நீளம் கொசுறாக விட்டு அறுக்கிறார். கொசுறு என்பது விலையில் சேராமல் கையோடு கொடுக்கும் சிறு மிகுதி. விலைக்குத் தராத அளவை இலவசமாகத் தருவதில் அவருக்கு எந்த முரண்பாடும் தோன்றுவதில்லை. பொருளியல் நூல்களில் இதற்கு இடமில்லை என்றால் குறை அந்நூல்களுடையது.

விதிக்கு விலக்குகளும் உள. இழவு வீட்டுக்கு மாலை கேட்டு வருபவரிடம் அளவும் பேசப்படுவதில்லை, விலையும் பேசப்படுவதில்லை. வந்தவர் எதற்காக வந்தார் என்று கேட்கவும் வேண்டியதில்லை. பேரம் பேசாமல் நிற்பதிலிருந்தே கடைக்காரர் அறிந்துகொள்வார். பெரிய விலக்கு ஆயுதபூஜை. அன்று இராஜபாளையத்து ஆலைகளில் ஒவ்வோர் எந்திரத்துக்கும் ஒரு துண்டுச் சரம் சாத்தியாக வேண்டும் என்பதால், ஆண்டு முழுவதும் அரை முழம் ‘வராது’ என்றவர், இரவெல்லாம் விழித்திருந்து, கேந்தியிலும் செவ்வந்தியிலும் அரை முழம் அரை முழமாக நூற்றுக்கணக்கில் அறுத்து அடுக்குகிறார். நூற்கும் எந்திரத்துக்கு வந்தது கூந்தலுக்கு ஏன் வரவில்லை என்று அவரிடம் எந்தப் பெண்ணும் இதுவரை கேட்கவில்லை போலும். அரசியல் கூட்டத்துக்கு ஆளுயர ரோஜா மாலை கேட்டு வருவோர் மூன்றாம் வகை. அங்கே அளவுக்கு உச்சவரம்பு கிடையாது, பணம் வரும் நாளுக்கும் கிடையாது. ஆகவே அந்த ஆர்டரை அவர் மிகுந்த மரியாதையுடன் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவைப்பார்.

பக்கத்துக் கடை என்றதும் இவ்வகையினரின் இரண்டாம் குறிக்கு வருகிறோம். அது தொழில்முறை மரியாதை. தமக்குள் இவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுக்கம் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை எனினும், எழுதிய சட்டங்களைவிட ஒழுங்காக நடந்துவருகிறது. ஒரு கடையில் வாய்திறந்து விலை கேட்டுவிட்டவரை மறுகடைக்காரர் கூவி அழைப்பதில்லை. பேரம் நடக்கும்போது மற்றவர் பூவுக்குத் தண்ணீர் தெளிப்பதில் ஆழ்ந்திருப்பார், அன்று அது எத்தனையாவது முறை என்பதைப் பொருட்படுத்தாமல். ஒருவர் வழக்கமாக மாலை கொடுக்கும் வீட்டில் கல்யாணம் வந்தால், அது ‘அவர் கை வீடு’ என்று மற்றவர் ஒதுங்கிக்கொள்வார்; ஒதுங்கியதை அவர் காதுக்கு எட்டும்படியும் செய்துவிடுவார்.

வாடிக்கையாளருக்கு ஒரு முழம் என்னும் எல்லை, சக கடைக்காரருக்குப் பொருந்துவதில்லை. முகூர்த்த நாளில் கைப்பிடி மரிக்கொழுந்து குறைந்தாலும், கோழிக்கொண்டையில் நான்கு பூ குறைந்தாலும், பையனை அனுப்பினால் போதும். இது கைமாற்று எனப்படும். பூவாக வாங்கியதைப் பூவாகவே திருப்ப வேண்டும். மார்கழி, தைப் பனியில் வரத்து சுருங்கி மல்லிகை கிலோ மூவாயிரத்தையும் தாண்டிவிடும் என்பதால், புரட்டாசியில் மலிவாக வாங்கிய கால் கிலோவைத் தையில் திருப்ப நேர்ந்தவரின் நிலை இரங்கத்தக்கது. அவர் இரங்கலைக் கேட்பதில்லை. கொடுத்தவரும் தையில் கேட்பதில்லை. விலை இறங்கும்வரை அந்தப் பேச்சை எடுக்காமலிருப்பதே பெருந்தன்மை என இருவரும் அறிவர்.

நுட்பமான பகுதி வெளியூர் ஆர்டர். இராஜபாளையத்துக் கடையில் ஒருவர், ஆண்டாள் சந்நிதிக்கு நாளைக் காலை ஒரு மாலை வேண்டும் என்று பணம் கொடுத்தால், கடைக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்கு அலைபேசியில் சொல்கிறார். மாலை அங்கே கட்டப்படுகிறது. பணம் வாங்கியவர் ஒருவர், நார் முடிந்தவர் வேறொருவர் என்னும்போது இடைப்பட்ட தொகை யாருக்கு என்ற கேள்வி எழுகிறது. ஐந்நூறு வாங்கிக்கொண்டு நானூறுக்குக் கட்டச் சொன்னால், கட்டுபவர் நூறு ரூபாய்ப் பூவைக் குறைக்க வேண்டும். வசை அவருக்கு வரும். இச்சிக்கல் உலகெங்கும் உண்டு. 1910-இல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் சிலர் தந்தி மூலம் ஒருவர் ஆர்டரை மற்றவருக்கு அனுப்ப ஒரு சங்கம் அமைத்து, உரோமரின் தூதுத் தெய்வமான மெர்க்குரியைச் சின்னமாகக் கொண்டனர். இன்ன தொகைக்குக் குறைந்த வெளியூர் ஆர்டரை ஏற்பதில்லை என்னும் விதியை மேனாட்டுக் கடைகள் வைத்திருப்பது, இரண்டு கை மாறிவரும் ஆர்டரில் பங்கு போனபின் பூவுக்கும் கூலிக்கும் மீதம் இருக்க வேண்டும் என்பதற்காகவே.

இவ்விரு ஊர்களுக்கிடையே அத்தகைய விதி இல்லை. மெர்க்குரியின் பணியை, பதப்பட்ட வாழையிலையில் சுற்றிய பொட்டலத்தை ஓட்டுநர் பக்கம் வைத்துக்கொள்ளும் நடத்துநர் செய்கிறார். ஆயினும் விதியை அறிவிக்காமல் உணர்த்தும் வழிகள் அண்ணாச்சிக்குத் தெரியும். “ஒரு மாலையா? கட்டிரலாம், அண்ணாச்சி” என்பதில் ‘ஒரு’ என்னும் சொல்லின்மேல் விழும் அழுத்தமே போதும், எதிர்முனையில் இருப்பவர் உடனே அதனுடன் இரண்டு துளசி மாலையையும் சேர்த்துவிடுவார், சில வேளை தம் சொந்தச் செலவில்.

பங்கு கேட்கலாமா என்னும் வழக்கில் இருதரப்பாரும் மேற்கோள் காட்டுவது ஆண்டாள் கோயிலையே. ஊர்விட்டு ஊர் மாலை அனுப்புவதில் அக்கோயிலுக்கு நிகரில்லை: ஆண்டாள் சூடிக் களைந்த மாலை, புரட்டாசிப் பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்காகத் திருப்பதிக்குப் போகிறது, சித்திரையில் வைகையில் இறங்கும் கள்ளழகர் சூடிக்கொள்வதற்கென மதுரைக்கும் போகிறது. நாச்சியாரே கமிஷன் பார்க்கவில்லையே என்பார் ஆர்டர் அனுப்பியவர். ஆனால் பங்குனித் திருக்கல்யாணத்துக்குத் திருப்பதியிலிருந்து பட்டு வந்துவிடுகிறதே என்பார் கட்டியவர். இவ்வாதம் இன்னும் தீர்க்கப்படவில்லை.

இருவருக்கும் இடையே உள்ள கணக்கும் அப்படித்தான். ஆடியில் கல்யாணம் இல்லாமல் இராஜபாளையத்துக் கடை தூங்கிவழியும்போது, ஆடிப்பூரத் தேருக்காக ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்கு ஆள் பற்றாது. கட்டும் பெண்கள் இராஜபாளையத்திலிருந்து அங்கே செல்வர். வைகாசி முகூர்த்தங்களில் வண்டி எதிர்த்திசையில் போகும். கூலி, நார், கால் கிலோ பிச்சி, வராமல் போன ஒரு ஜோடி மணமாலையின் பணம் என எல்லாம் இரண்டு நோட்டுகளில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். இருவரும் தாமே சற்றுக் கொடுக்க வேண்டியிருப்பதாகச் சொல்லிக்கொள்வர், இருவரும் தமக்கே வரவேண்டும் என நம்புவர். என்றாவது ஒருவர், “கணக்கைப் பார்த்து முடிச்சிருவோமா, அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டால், மற்றவர் பதில் சொல்லுமுன் தம் பையனை மறுபேருந்தில் ஏற்றி அனுப்புவார்: அவ்வூரில் எந்தக் கடைக்காரர் புதிதாகக் குறைந்த விலைக்கு மாலை கட்டித் தருகிறார் என்று விசாரித்து வருவதற்காக.