அடிமாட்டு விலையின் இலக்கணம்: இணைய ஏலத்தில் ஆஃபர் சொல்வது குறித்த ஓர் ஆய்வு

1995-இல் பியர் ஒமிடியார் ஈபே தளத்தைத் தொடங்கியபோது அங்கே முதலில் விலைபோனது ஓர் உடைந்த லேசர் பாயின்டர். விலை 14.83 டாலர். உடைந்த சாமானுக்கே சில்லறை சுத்தமாக விலை கட்டிய மனித இனம், பின்னாளில் பேரத்துக்கென்று ‘ஆஃபர்’ என்று தனிப் பொத்தான் கேட்டதில் வியப்பில்லை. அந்தப் பொத்தானை அழுத்துவோரின் நடத்தையே இங்கே ஆய்வுப் பொருள். (ஈபேயின் இந்தியக் கடை 2018-இல் மூடப்பட்டுவிட்டதால் களம் அமெரிக்கத் தளம். ஆய்வாளருக்கு அங்கே வாங்கும் வசதி இல்லை, வேடிக்கை பார்க்கும் வசதி உண்டு.)

முதற்கண் விதி. ஏலத்துக்கு விட்ட பொருளுக்கும் விற்பவர் ஆஃபர் கேட்கலாம். ஆனால் முதல் ஏலக் கேள்வி விழும் வரைதான். 50 டாலர் தொடக்க விலையில் ஒரு பழைய கேமரா நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘எண்பது தருகிறேன், இப்போதே முடித்துவிடலாம்’ என்று நீங்கள் விற்பவர் காதில் போட எண்ணி, எண்பதா எழுபத்தைந்தா என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குள் யாரோ ஒருவர் 50-க்குக் கேட்டுவிட்டால் போச்சு, ஆஃபர் பொத்தானையே காணோம். அப்புறம் ஊரறிய ஏலம் கேட்க வேண்டியதுதான். விவரமானவர்கள் இதையே ஆயுதமாக்குகிறார்கள். எவனும் பின்வாசல் வழியாகப் பொருளைத் தள்ளிக்கொண்டு போய்விடக் கூடாதென்று, குறைந்தபட்சத் தொகைக்கு ஒரு கேள்வியைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, மிச்சத்தைக் கடைசி நிமிடத்தில் பார்த்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது அவமானம். இன்ன தொகைக்குக் கீழே வந்தால் தள்ளிவிடு என்று விற்பவர் முன்கூட்டியே குறித்துவைக்கலாம். சொன்ன வேகத்தில் ‘இல்லை’ வந்தால் மறுத்தது இயந்திரம். ஐந்து மணி நேரம் கழித்து வந்தால் மனிதர், அதுவும் கோபத்தோடு. இயந்திரத்திடம் அடிமாட்டு விலைக்குக் கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை. ஒரு பொருளுக்கு இத்தனை ஆஃபர்தான் என்று வரம்பு மட்டும் இல்லாவிட்டால், பத்துப் பத்து டாலராக ஏற்றி அந்த ரகசியத் தொகையைக் கறந்துவிடுவார்கள். ஆஃபரை ஏற்றுக்கொண்டபின் பட்டியலில் பழைய விலைமேல் ஒரு கோடு விழுகிறது; முடிந்த விலை அங்கே தெரிவதில்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகருக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

இனி உண்மையான அறிஞர்கள். பேக்கஸ், பிளேக், டாடெலிஸ் மூவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, 100, 200 என்று முழு நூறுகளில் விலை வைத்த பொருள்களுக்கு, அதையொட்டிய சில்லறை விலைகளில் வைத்தவற்றைவிட ஆஃபர் 5 முதல் 8 சதவீதம் குறைவாகவும், ஆனால் 6 முதல் 11 நாள் முன்னதாகவும் வருவதைக் கண்டது. வட்டமாக விலை வைத்தவர் அவசரத்தில் இருக்கிறார் என்று உலகுக்கே தெரிந்துவிடுகிறது. 198 என்று வைத்தவரோ ஏதோ கணக்குப் பார்த்திருக்கிறார் என்ற பயத்தைக் கிளப்புகிறார். பெரும்பாலும் அந்த 198-க்கு ஒரு கணக்கும் கிடையாது என்பது இக்கட்டுரையாளரின் சந்தேகம்.

அதே மூவர் லார்சனையும் சேர்த்துக்கொண்டு இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட ஈபே பட்டியல்களின் பேரங்களை அலசி 2020-இல் இன்னொன்று சொன்னார்கள்: இரு தரப்பும் நடுவில் வந்து நிற்பதையே விரும்புகிறது. இது தெரிந்தபின் யார் நேர்மையாக விலை சொல்வார்கள்? 150 டாலர் கேமரா 200 என்று நிற்கிறது. 150-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு நாம் 100 என்கிறோம். 150-இல் பேரம் படிந்ததும் ஐம்பது மிச்சமென்று ஒருவரும், ஐம்பது ஏற்றி விற்றேன் என்று மற்றவரும் மகிழ்ந்து, பரஸ்பரம் நற்சான்று எழுதிக்கொள்கிறார்கள். 2008 முதல் விற்பவர் அங்கே வாங்குபவரைப் பற்றி நல்லதை மட்டுமே எழுத முடியும் என்பதால், அடிமாட்டு விலைக்குக் கேட்டவருக்கும் அதே சான்றுதான்.