மேட் இன் குட்டி ஜப்பான்

பங்குனி மத்தியானத்தில் விருதுநகரில் எந்த மொட்டைமாடியை எட்டிப் பார்த்தாலும் மிளகாய் வத்தல் காயும். எங்கள் எதிர்வீட்டு மாடியில் மட்டும் வத்தலுக்கு மேலே, துணிக்கொடியில், இரண்டு கொம்பு முளைத்த மரப்பலகை ஒன்று தொங்கும். தெருவுக்குப் புதிதாக வந்த தபால்காரர் அதை அண்ணாந்து பார்த்து, "திருஷ்டிக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார், பிரைமர் காயுது" என்றார் நம்மாள்.

நம்மாளுக்குப் பெயர் வேண்டாம். இந்த இனத்தில் ஊருக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். ஒருவர் புல்லட்டைப் பிரித்துப் போட்டிருப்பார், இன்னொருவர் கிட்டாரை. பிரித்தவர்கள் திரும்பப் பூட்டியதை நான் அதிகம் பார்த்ததில்லை. நம்மாள் கிட்டார்ப் பிரிவு. வயது முப்பத்து நாலு. சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டிசைனர். பட்டாசுப் பெட்டிக்குச் சிங்கம், மயில், கன்னத்தில் கைவைத்த குழந்தை எல்லாம் அவர் கைவண்ணம். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டார்கள் என்றால் மார்கழி வரைக்கும் ஆளைப் பிடிக்க முடியாது. தை பிறந்தால் உப்புத்தாள் வாங்கக் கிளம்பிவிடுவார்.

கிட்டார் வாங்கும் தமிழ் இளைஞர்களில் பாதிப் பேருக்காவது காரணம் ஒன்றுதான். 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் 'இளைய நிலா' தொடங்கும்போது ஒரு கிட்டார் வருமே, அது. அதை வாசிக்கத்தான் நம்மாளும் 6,500 ரூபாய்க்கு ஒரு எலக்ட்ரிக் கிட்டாரை வாங்கினார். ஆறு வருஷம் ஆகிறது. பாட்டுக்கு இன்னும் வரவில்லை. படத்தின் தலைப்புக்கு வந்துவிட்டார்.

பாட்டுக்கு வராததற்கு வெயில்தான் காரணம் என்பது அவர் கட்சி. அதில் நியாயமும் உண்டு. வீணைக்கு மெட்டு மாதிரி கிட்டாருக்கு ஃபிரெட். வீணையில் மெட்டை மெழுகில் பதிப்பார்கள். கிட்டாரில் விரல்பலகையிலேயே அறைந்துவிடுவார்கள். காற்றில் ஈரம் குறைந்தால் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. சித்திரையில் பலகை இரண்டு பக்கமும் உள்ளே போக, ஃபிரெட்டின் நுனிகள் ரம்பப் பல்லாக வெளியே நீட்டிக்கொண்டன. கழுத்தோரமாகக் கையை ஓட்டியவருக்கு உள்ளங்கையில் கோடு கோடாக ரத்தம்.

இந்த வறட்சிதான் இந்தச் சீமைக்குச் சோறு போடுகிறது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். சிவகாசியில் தொழில் ஊன்றிக்கொண்டதற்கு, மருந்து நமுக்காத இந்தக் காய்ந்த காற்றும் ஒரு காரணம். பட்டாசும் அச்சும் பின்னாலேயே வந்தன. தீக்குச்சிக்கு நல்லதாக இருப்பது கிட்டாருக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

நம்மாள் அரம் வாங்கினார். நுனிகளைத் தேய்த்தார். அது அத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. ஆனால் அரம் ஒரு தரம் வழுக்கிக் கிட்டாரின் உடம்பில் ஒரு கீறல் போட்டது. சிறிய கீறல்தான், அரிசி நீளம்கூட இல்லை. அதை மறைக்கத்தான் மொத்தப் பெயின்ட்டையும் எடுப்பது என்று முடிவானது.

பட்டாசு கிஃப்ட் பாக்ஸுக்கு ஷ்ரிங்க் ஒட்டுகிற ஹீட் கன்னை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கி வந்தார். மலிவுக் கிட்டாருக்கு அடிக்கும் பாலியெஸ்டர் பூச்சு சாதாரணமானதில்லை. கல் தோசை மாதிரி தடிமனாக, அடியில் தோசைக் கரண்டி கொடுத்தால்தான் பெயர்ந்து வருகிறது. வந்தது. பெயின்ட்டுக்குக் கீழே ஒரே துண்டு மரம் இருக்கும், அதன் வரிகள் தெரிகிற மாதிரி வார்னிஷ் அடிக்கலாம் என்று கனவு கண்டிருந்தார். ஒரு மரம் இருந்தது. அதன் பக்கத்தில் நிறம் வேறான இன்னொரு மரம் இருந்தது. அதை ஒட்டி மூன்றாவது ஒன்று. இடைவெளியெல்லாம் பட்டி. விலை குறைந்த கிட்டார்கள் ஏன் பெரும்பாலும் கண்ணை மறைக்கும் கட்டி நிறத்தில் வருகின்றன என்று அன்றைக்கு எங்கள் இருவருக்கும் விளங்கியது. ('எங்கள்' என்றால், டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். கூலி, இரண்டு பொரிச்ச பரோட்டா.)

120-ஆம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 220, 320, 400 என்று ஏறினார். ஒரு பக்கம் மரத்தூள், ஒரு பக்கம் மிளகாய் நெடி. அந்த வாரம் மாடியிலிருந்து வந்த தும்மலை எண்ணி, தெரு முழுக்க நல்ல சகுனம் கெட்ட சகுனம் பார்த்தது.

அதற்குள் அவருடைய அம்மா பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார். சாத்தூரிலிருந்து வந்தவர்கள் காராச்சேவை மென்றுகொண்டே மரியாதையாக விசாரித்தார்கள்.

"தம்பி கிட்டார் வச்சிருக்காராமே. நல்லா வாசிப்பாரோ?"

"வாசிக்க மாட்டான். தேய்ப்பான்" என்றார் அம்மா. பொய் சொல்லிப் பழக்கமில்லாத குடும்பம்.

இந்த இடத்தில் நம்மாளுக்கு ஒரு கேடயம் இருக்கிறது. யார் எதிர்த்துப் பேசினாலும் அதைத்தான் எடுப்பார். 1954-இல் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரை உலகத்துக்குக் கொடுத்த லியோ ஃபெண்டருக்குக் கடைசி வரைக்கும் கிட்டார் வாசிக்கத் தெரியாது. உண்மைதான், அவர் ரேடியோ ரிப்பேர்க்காரர். அந்த ஃபெண்டர் கம்பெனி கலர்க் கிட்டார்களுக்குக் காருக்கு அடிக்கும் பெயின்ட்டைத்தான் அடித்தது என்பதும் உண்மை. எனவே நம்மாள் நேராக டிங்கரிங் பட்டறைக்குப் போனார்.

"என்ன வண்டி தம்பி?" என்றார் மாஸ்டர்.

"ஸ்ட்ராடோகாஸ்டர், அண்ணாச்சி."

"கேள்விப்பட்டதில்லையே. எந்த வருஷ மாடல்?"

"அம்பத்தி நாலு."

"அம்பாசிடருக்கே முந்தினதா! வண்டியக் கொண்டாங்க, பாப்போம்."

பையிலிருந்து பலகையை எடுத்துக் காட்டியதும் மாஸ்டர் ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு பச்சையில் ஒரு டப்பா கலக்கிக் கொடுத்தார். கூடவே என்.சி. லாக்கரும் தின்னரும்.

அந்த லாக்கர் டப்பாவைத்தான் சித்தப்பா பார்த்தார். முப்பது வருஷம் பட்டாசு ஆலையில் போர்மேன். எந்த டப்பாவைக் கண்டாலும் முதலில் லேபிளைப் படிக்கிற பழக்கம். படித்தவர் முகம் மாறிவிட்டது. என்.சி. என்றால் நைட்ரோ செல்லுலோஸ். பஞ்சை அமிலத்தில் நனைத்தால் வெடிக்கிறது என்று 1846-இல் ஷோன்பைன் என்ற வேதியியல்காரர் கண்டுபிடித்தாரே, அந்த வெடிபஞ்சின் சாதுவான தம்பி. நைட்ரஜன் குறைவு என்பதால் வெடிக்காது. பற்றிக்கொள்ளும், அதுவும் ஆசையாக.

"கீழ அடுப்பு எரியுதாய்யா?"

"ரசம் கொதிக்கு சித்தப்பா."

சித்தப்பா இறங்கிப் போய் சிலிண்டரை மூடினார். மதனியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். ஒரு வாளி மணலும் ஒரு டிரம் தண்ணீரும் மாடிக்கு வந்தன. நம்மாள் போட்டிருந்த நைலான் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பருத்திச் சட்டை மாட்டவைத்தார். ஆலையில் அதுதான் வழக்கம், உடம்பு உரசலில் பிறக்கும் பொறிக்குப் பயந்து. அவர் ஒரு தரம்கூடச் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் தீயைப் பற்றி யாரும் சிரித்து நான் பார்த்ததும் இல்லை.

பெயின்ட் அடித்து முடிந்து, எல்லாம் பத்திரம் என்று ஆன பிறகு, தொங்கிய பச்சையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பேரியம் உப்பு கூடாதுன்னு 2018-ல கோர்ட்டு சொன்னதிலேருந்து ஒரு நல்ல பச்சை வெளிச்சம் காட்ட நாங்க படுற பாடு எங்களுக்குத்தான் தெரியும். நீ டப்பாவுல வாங்கிட்டு வந்துட்டியேய்யா" என்றார். பட்டாசுக்காரரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது.

மூன்றாவது கோட் ஈரமாக இருந்தபோது வேப்பம்பூ உதிர்ந்தது. சித்திரை, வேறென்ன செய்யும்? நான்கு பூக்களைச் சாமணத்தால் எடுத்தார். ஐந்தாவது இன்னும் உள்ளே இருக்கிறது, கண்ணாடிக்குள் வைத்த மாதிரி. அதற்கப்புறம் ஒரு மாதம் காயவிட வேண்டும். தின்னர் முழுக்கப் பறந்தால்தான் பூச்சு இறுகும். பறந்த தின்னர் எங்கே போனது என்று அந்த வீட்டு ரசத்தைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். பிறகு வாட்டர் பேப்பர், 1000, 2000. அதன்மேல் ரப்பிங் காம்பவுண்ட். கடைசியில் கிட்டாரில் முகம் பார்த்துத் தலைசீவலாம் போல ஆனது. சீவவும் செய்தார்.

இனி சத்தம். ஆம்ப்பைப் போட்டால் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 100 தரம் திசை மாறுகிறது அல்லவா, அந்த அதிர்வை, கம்பியின் சத்தத்தைப் பிடிக்க வேண்டிய ஒற்றைச் சுருள் பிக்கப் வாங்கிப் பாட்டாக்கிவிடும். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் கிட்டாரும் சேர்ந்து சட்னி அரைத்தது. பரிகாரம், உள்குழியை உலோகத் தகட்டால் மூடி எர்த்தோடு இணைப்பது. செம்பு டேப் விலையைப் பார்த்துவிட்டு நம்மாள் மூளையைப் பாவித்தார். அச்சகத்தில் பளபள ஃபாயில் அட்டை வெட்டுக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஒரு நாள் முழுக்க வெட்டி ஒட்டினார். உள்ளே பார்த்தால் சாமி சப்பரம் மாதிரி ஜொலித்தது. ரீங்காரம் அப்படியே இருந்தது. அந்த அட்டையில் பளபளப்புக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, மின்சாரத்துக்கு வழி கிடையாது என்று மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. எல்லாவற்றையும் பிய்த்தார். செம்பு டேப் வாங்கினார். அதோடு நின்றாரா? ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றிய இரட்டைச் சுருளால் ரீங்காரத்தை அடித்து நொறுக்கும் ஹம்பக்கர் பிக்கப்பையும் வாங்கினார். கிப்சன் கம்பெனியின் செத் லவர் 1955-இல் உருவாக்கியது. அதற்குச் சத்தம் கூட்டிக் குறைக்கும் 250 கே பாட் பொருந்தாது, 500 கே வேண்டும் என்று அதுவும் வந்தது. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். 6,500 ரூபாய்க் கிட்டாருக்கு மேல்செலவு 19,000 தாண்டியதும் நான் கணக்கெழுதுவதை விட்டுவிட்டேன்.

எல்லாச் செலவும் வெட்டிச்செலவு என்று சொல்லமாட்டேன். தோள்வார் மாட்டும் திருகு, ஓட்டை பெரிதாகிக் கழன்று விழுந்தது. நம்மாள் மருந்து முக்காத வெறுங்குச்சி நாலைந்தை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டையில் திணித்தார். காய்ந்ததும் நறுக்கிவிட்டுத் திருகை ஏற்றினார். இன்றுவரை அசையவில்லை. அமெரிக்காக்காரனும் இதைத்தான் செய்கிறான், ஆனால் அவன் குச்சியைக் கடையில் வாங்க வேண்டும்.

வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. உட்காரச் சொல்லி, ஃபேனை நிறுத்தி, ஒரே ஒரு கம்பியைத் தட்டுவார். திரியைப் பற்றவைத்துவிட்டு வெடிக்குக் காத்திருக்கிறவர் மாதிரி விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

"கேக்குதா?"

"என்னது?"

"இன்னும் போய்ட்டிருக்குண்ணே. சஸ்டெய்ன்!"

எனக்குப் பக்கத்துத் தெரு ஆட்டோ மட்டும் கேட்கும். "ஆமாமா" என்பேன். பரோட்டா சாப்பிட்ட வாய்.

போன வருஷம் அந்த முகம் பார்க்கும் பளபளப்பை அவரே உப்புத்தாளால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஓரங்களில் மரம் தெரிய வேண்டுமாம், நாற்பது வருஷம் மேடையில் உழைத்த மாதிரி இருக்க வேண்டுமாம். ஃபெண்டரே 1995-லிருந்து புதுக் கிட்டாரைப் பழசாக்கி அதிக விலைக்கு விற்கிறது என்றார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பிடின்னா உங்கப்பா சைக்கிளை என்ன வெலைக்குய்யா கேப்பாங்க?" என்றார்.

பாக்கி இருந்தது தலைப்பகுதியில் பெயர். சிநேகிதர்கள் ஃபெண்டர் என்றே அடித்து ஒட்டச் சொன்னார்கள். அச்சுத் தொழிலில் இருப்பவருக்கு அது அரை மணி நேர வேலை. மாட்டேன் என்றுவிட்டார், அடுத்தவன் லேபிளை அடிக்கிறவன் எங்கள் ஊரில் மதிக்கப்படமாட்டான் என்று. கிட்டார் உலகத்தில் 'மேட் இன் ஜப்பான்' என்பதற்குத் தனி மவுசு. சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாக ஊரில் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்து, தங்க ஃபாயிலில் 'மேட் இன் குட்டி ஜப்பான்' என்று ஒரு ஸ்டிக்கர் டிசைன் போட்டார். ஆறு வருஷத்தில் அவர் செய்ததிலேயே அழகானது அதுதான், நான் சத்தியமாகச் சொல்வேன். தெரிந்த அச்சகத்துக்கு எடுத்துப் போனார்.

"எத்தனை ஆயிரம் தம்பி?"

"ஒண்ணு."

"ஓராயிரம். சரி, வியாழக்கிழமை வாங்க."

ஒரே ஒரு ஸ்டிக்கர் என்று நம்மாள் விளக்குவதற்குள் அண்ணாச்சி அடுத்த பார்ட்டிக்குத் திரும்பிவிட்டார்.

ஒன்று கிட்டாரில் ஒட்டியது. மற்றவை பீரோ, அரிசி டிரம், சித்தப்பாவின் டிவிஎஸ், சேவு டின், எங்கள் வீட்டு வாசல் நிலை என்று பரவின. இந்தத் தையில் கிட்டாரின் கழுத்தையே மாற்றப் போகிறார், பழையது லேசாக முறுக்கிக்கொண்டதாம். அதோடு அந்த ஒரு ஸ்டிக்கரும் போய்விடும். பரவாயில்லை, பீரோவுக்குள் இன்னும் 960 இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம், கிட்டார் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.