செயலி மேம்பாட்டுப் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
சம்பளமில்லாப் பயிற்சியாளர்,
உங்கள் வாடிக்கையாளரின் எதிர்வீடு.

பெறுநர்:
செயலி மேம்பாட்டுப் பிரிவு,
பெயர் வேண்டாம், ஒரு வங்கி.

பொருள்: என் பொறுமை மினிமம் பேலன்ஸுக்குக் கீழே போனது தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

கிளைக்கு வந்த எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம், "இதெல்லாம் ஆப்லயே பண்ணிக்கலாமே, வீட்ல பசங்க யாரும் இல்லையா?" என்று அன்போடு கேட்டு அனுப்பியதற்கு நன்றி. பசங்க வெளிநாட்டில் இருப்பதால் பணி நியமனம் எனக்கு வந்தது. ஆணை வரவில்லை, பெரியம்மா போனோடு வந்துவிட்டார்.

அவர் கெட்டிக்காரர். "கீழே நீலப் பொத்தான், அப்புறம் மூணு கோடு" என்று டைரியில் எழுதி மனப்பாடமும் செய்தார். உடனே நீங்கள் அப்டேட் விட்டீர்கள். பொத்தான் ஊதாவாகி மேலே ஏறிக்கொண்டது. மூணு கோடு தலைமறைவு. "ஏம்ப்பா, நேத்து இங்கதானே இருந்துச்சு?" என்று என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். ஓடிபி வந்ததும் கண்ணாடியைத் தேடி, முந்தானையில் துடைத்து மாட்டி, முதல் மூன்று எண்ணைத் தட்டுவதற்குள் 'நேரம் முடிந்தது' என்கிறது செயலி.

முதியவர்களுக்கு வேண்டிய மாற்றம் எப்போது வருகிறது, பாருங்கள். ஓய்வூதியர்கள் விரல்ரேகை, கருவிழி கொண்டு உயிர்வாழ் சான்று தர ஜீவன் பிரமாண் என்ற அரசு வசதி 2014இல் வந்தது. ரேகை தேய்ந்தவர்கள் முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதி 2021இல்தான் வந்தது. வேண்டியது ஏழு ஆண்டு கழித்து வருகிறது. வேண்டாதது மாதந்தோறும் வருகிறது.

'பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை. கேட்டால் திருடன்' என்ற பாடத்தைப் பெரியம்மா மனத்தில் பதித்துவிட்டேன். ஆனால் உங்கள் திரையே மாதம் ஒரு வேஷம் போட்டால், திருடன் அனுப்பும் போலித் திரையை அவர் எப்படி இனம் காண்பார்?

ஆகவே வேண்டுவது:

1. கவுன்ட்டரை மாற்றினால் பலகை வைக்கிறீர்கள். பொத்தானுக்கும் வையுங்கள்.
2. ஓடிபி கெடுவில் கண்ணாடி தேடும் நேரத்தையும் சேருங்கள்.
3. பொத்தானை நகர்த்திய அதிகாரியை ஒரு மத்தியானம் பெரியம்மாவிடம் அனுப்புங்கள். காபி உண்டு, பொறுமையை அவரே கொண்டுவர வேண்டும்.

பதிலைத் தபாலில் அனுப்பவும். செயலியில் அனுப்பினால், அது எங்கே வந்திருக்கிறது என்று தேட இன்னொரு பயிற்சியாளரை நியமிக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கில் வராத ஊழியன்.