ஹார்லெமும் குற்றாலமும்

கேள்வி: 1920-களில் நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பினக் கலைஞர்கள் கலையாலேயே தங்கள் அடையாளத்தை மீட்டார்களாமே! நம் பக்கம் அப்படி ஏதாவது உண்டா?
- வாசகர், தென்காசி

பதில்: தென்காசியில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்தது அருவிக்காக மட்டுமா? கம்பன் பாட்டை அவர் சொல்லிக் கேட்கவும்தான்! கச்சேரி மேடையில் தெலுங்குக் கீர்த்தனைகள் கோலோச்சிய காலத்தில், தமிழிலும் பாடுங்கள் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். அந்த இயக்கம்தான் 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமாக வடிவெடுத்தது. ஹார்லெம் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் தெருவில் ஒலித்த ப்ளூஸைக் கவிதைக்குள் கொண்டுவந்தார், டி.கே.சி. ஏட்டில் கிடந்த கவிதையைக் காதுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அடிமைத்தனத்தின் வடுவோடு எழுதிய ஹார்லெம்காரர்களின் போராட்டம் இன்னும் கடுமையானது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த மாட்டேன். அடுத்த சாரலுக்கு ஐந்தருவி போகும்போது துண்டோடு கம்பனையும் எடுத்துப் போங்கள், வாய்விட்டுப் படியுங்கள்.