மீசைப்புலியும் நானும்

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நான் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு: தமிழ்நாட்டிலேயே உயரமான சிகரத்தின் உச்சியில் நின்றவன் நான். தொட்டபெட்டா, 2,637 மீட்டர். போனதும் வந்ததும் வேனில் என்பதும், மேலே இருந்த கால் மணி நேரத்தில் பத்து நிமிடம் மிளகாய் பஜ்ஜிக்காக நின்றேன் என்பதும் கதையின் சுவையைக் கெடுக்கும் விவரங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்திருந்தார். கதை பாதி போவதற்குள், "மூணாறு பக்கம் மீசைப்புலிமலை 2,640 மீட்டருங்க மாப்பிள்ளை. நாங்க நடந்தே ஏறினோம்" என்றார். ஆனைமுடிக்குப் போனேன் என்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அது 2,695, தெற்கே அதை மிஞ்ச ஆளில்லை. மூன்று மீட்டரில் தோற்பது, ஸ்டாப்புக்கு ஓடி வந்து பஸ்ஸின் பின்பக்க நம்பரைப் படிப்பது போல.

ராத்திரியெல்லாம் போனில் தேடியதில் மருந்து கிடைத்தது. மலையை எடை போட உயரம் மட்டும் போதாதாம். ப்ராமினன்ஸ் என்று ஒன்றும் இருக்கிறதாம். ஓர் உச்சியிலிருந்து அதைவிட உயரமான இடத்துக்குப் போக, குறைந்தபட்சம் எவ்வளவு இறங்கியாக வேண்டும் என்பதே அது.

மறுநாள் சாப்பாட்டில் செய்முறை விளக்கம். சாதத்தை இரண்டு குன்றாகக் குவித்து ரசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். இடையிலுள்ள கணவாய் முழுகி, சின்னக் குன்று தனித் தீவாகும் அந்தக் கணத்தில் ரசத்துக்கு மேலே எவ்வளவு நிற்கிறதோ, அதுதான் அதன் ப்ராமினன்ஸ். "ஏனுங்க, ரசம் மேஜையில ஓடுது" என்றாள் மனைவி. அறிவியலில் சேதாரம் சகஜம்.

இந்தக் கணக்கில் தொட்டபெட்டா ராஜா. அதைவிட உயர்ந்த இடத்துக்குப் போக, நீலகிரியை விட்டே இறங்கி, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்துச் சமவெளியில் சுமார் 380 மீட்டர் உயரம் வரை வந்துதான் மறுபடி ஏற வேண்டும். ப்ராமினன்ஸ் 2,256 மீட்டர்! மீசைப்புலிக்கு அந்தச் சிரமமே இல்லை. அந்த மலைக்கூட்டத்துக்குள்ளேயே இறங்கி ஏறினால் ஆனைமுடி.

சீமையில் இதற்கென்றே பட்டியல்கள் உண்டு. 1891-இல் ஹ்யூ மன்றோ என்பவர் ஸ்காட்லாந்தில் 3,000 அடியைத் தாண்டிய மலைகளைத் தொகுத்தார். அவற்றுக்கு 'மன்றோ' என்றே பெயர் நிலைத்தது. பட்டியல் போட்டவர் எல்லாவற்றையும் ஏறி முடிக்காமலே காலமானார் என்று படித்ததும் அவர்மேல் தனிப் பாசம் வந்தது. 1992-இல் ஆலன் டாசன், உயரம் எவ்வளவானாலும் சரி, 150 மீட்டர் ப்ராமினன்ஸ் இருந்தால் போதும் என்று வேறொரு பட்டியல் போட்டு, மன்றோவுக்குப் பொருத்தமாக 'மரிலின்' என்று பெயர் வைத்தார். வேல்ஸில் மினித் கிரைக் கோக் என்றொரு குன்று. 2,000 அடிக்குச் சற்றுக் குறைவு என்று வரைபடம் சொல்லிக்கொண்டிருக்க, 2008-இல் துல்லியமாக அளந்தார்கள். ஆறு அங்குலம் அதிகம்! ஒரே நாளில் குன்று மலையாகிவிட்டது. எனக்கும் யாராவது திரும்ப அளந்தால் தேவலை.

நாமும் ஒரு குன்றைத் தேடிப் பார்ப்போமே என்று தோன்றியது. ஒன்பதாம் வகுப்பு மகளிடம் வரைபடம் இருந்தது. ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவு, 20 மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு. "உச்சியைச் சுத்தி மூடின வளையங்களைப் பாருங்கப்பா. உள்ளேயிருந்து ஒவ்வொண்ணா வெளியே வாங்க. எந்த வளையத்துக்குள்ள இதைவிட உயரமான உச்சியும் வந்துடுதோ, அதுக்கு முந்தின வளையத்தோட நிறுத்தணும். கணவாய் அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல. இருபது மீட்டர் முன்னப்பின்ன இருக்கும்."

கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு ஒன்றரை மணி நேரம் தேடினேன். அருமையான ஒரு தனிக்குன்றைக் கண்டுபிடித்தேன். கச்சிதமான வளையம், பக்கத்தில் போட்டிக்கு யாரும் இல்லை. "அது நீங்க டீ டம்ளர் வெச்ச தடம்ப்பா" என்றாள்.

பேச்சை மாற்ற, "நம்ம வீட்ல யாருக்கு ப்ராமினன்ஸ் ஜாஸ்தி?" என்று கேட்டுத் தொலைத்தேன். மகள் யோசிக்கவே இல்லை. "நீங்க மீசைப்புலிப்பா. மீசையும் இருக்கு, உயரமும் இருக்கு. ஆனா பக்கத்துலயே அம்மா ஆனைமுடி. ஹால்லேருந்து சமையல் ரூமுக்குப் போனாப் போதும்."

ஆனைமுடி அப்போதுதான் எட்டிப் பார்த்தது. "உயரம் உயரம்னு சொன்னீங்களே, பரண்மேல இருக்கிற அண்டாவை எடுத்துக் குடுங்க."

முக்காலியைப் போட்டு ஏறினேன். அப்படியும் நாலு விரற்கடை எட்டவில்லை.

"முக்காலி கணக்குல சேராதுப்பா" என்றாள் மகள்.