மயோர்க்காவில் ஒரு கண், குடும்பத்தில் ஒரு கண்

ஸ்பெயினின் மயோர்க்காத் தீவுக்குப் பிள்ளைகுட்டிகளோடு விடுமுறைக்குப் போகிறவர்கள், போகிற இடத்தில் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் பார்க்க ஆசைப்பட்டு அனுப்பிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில். விமான டிக்கெட் எங்கே மலிவு என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. அது தெரிந்தவன் ஊரில் இருப்பானா?

கேள்வி: என் கணவர் கடலில் குளிக்க வந்தாலும் கழுத்தில் பைனாகுலரோடுதான் வருகிறார். கேட்டால் "பறவை பார்க்கிறேன்" என்கிறார். நம்பலாமா?
– வாசகி, ஈஸ்ட்ஹாம்

பதில்: சின்னதாக ஒரு பரீட்சை வையுங்கள். பொல்லென்சா விரிகுடாவின் கரையில் இரண்டு வகைக் கடற்காகங்கள் நடமாடும். ஒன்றுக்கு அலகும் மஞ்சள், காலும் மஞ்சள். ஆள் தாட்டியாக இருக்கும். அது எங்கும் கிடைக்கிற சரக்கு. இன்னொன்று கொஞ்சம் ஒல்லி. அலகு கருஞ்சிவப்பு, கால் சாம்பல் கலந்த பச்சை. அதுதான் ஔதுவான் கடற்காகம். அது கூடு கட்டுவது பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் கரைகளிலும் தீவுகளிலும்தான். இதைப் பார்க்கவென்றே விமானம் ஏறி வருகிறவர்கள் உண்டு.

மாலையில் அறைக்கு வந்ததும், "பார்த்த பறவைக்குக் கால் என்ன நிறம்?" என்று கேளுங்கள். "சாம்பல் பச்சை" என்று சட்டென்று வந்தால் மனிதர் உத்தமர். "யாருடைய கால்?" என்று கேட்டால், மறுநாள் முதல் பைனாகுலர் உங்கள் கழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: பிள்ளைகளுக்கு ஆகஸ்டில்தான் நீண்ட விடுமுறை. அப்போது போனால் பறவை ஏதாவது மிஞ்சியிருக்குமா?
– வாசகர், ஹாரோ

பதில்: மிஞ்சியிருக்கும். உங்களைப் போலவே நிழல் தேடி ஒதுங்கியும் இருக்கும்.

ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரைதான் அங்கே முகூர்த்த காலம். சஹாராவையும் கடலையும் தாண்டி ஐரோப்பாவுக்குள் போகும் சின்னப் பறவைகள் இளைப்பாற இறங்குகிற தீவு அது. எதிர்க்காற்றோ மழையோ பிடித்துக்கொண்டால் இன்னும் விசேஷம், நமக்கு, பறவைக்கு அல்ல. அன்று கரையோரப் புதர் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று தத்திக்கொண்டிருக்கும். ஆகவே ஈஸ்டர் விடுமுறையைப் பாருங்கள். ஈஸ்டர் மார்ச் கடைசியில் வந்தால் கொஞ்சம் அவசரம். ஏப்ரல் நடுவைத் தாண்டி வந்தால் உங்கள் நல்ல காலம். பிரிட்டனில் மே மாதக் கடைசியில் கிடைக்கும் ஒரு வார விடுமுறையும் மோசமில்லை. வண்ணத்துப்பூச்சிக்கு அதுவே மேல்.

ஆகஸ்ட்தான் என்று ஆகிவிட்டால் அழ வேண்டாம். வசந்தத்தில் காண முடியாத ஒன்று அப்போது நடக்கும். எலியனோரா வல்லூறு என்று ஒரு பறவை. மற்ற பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரித்து வளர்த்துக் கடமையை முடித்துவிடும். இது மட்டும் வசந்தத்தில் வந்து சேர்ந்து, தும்பியையும் வண்டையும் தின்றுகொண்டு, மே மாதச் சாயங்காலங்களில் சதுப்பு நிலத்தின் மேல் சும்மா சுற்றித் திரியும். ஜூலை, ஆகஸ்டில்தான் கடலோரப் பாறை இடுக்கில் முட்டையிடும். சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு. குஞ்சுகளுக்குப் பசி உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் ஐரோப்பாவிலிருந்து தெற்கே திரும்பும் குருவிகள் கூட்டம் கூட்டமாக அதன் வாசல் வழியாகப் போகும். வீட்டுக்கே சாப்பாடு வந்துவிடுகிறது. குஞ்சுகள் தேறியதும் குடும்பமே கிளம்பிப் பெரும்பாலும் மடகாஸ்கரில் குளிர்காலத்தைக் கழிக்கும். பள்ளி விடுமுறையைப் பற்றிக் கவலையில்லாத குடும்பம்.

பெயருக்குரிய எலியனோரா, பக்கத்துத் தீவான சர்தீனியாவின் ஒரு பகுதியை ஆண்ட அரசி. 1392-இல் அவர் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் வல்லூறுகளின் கூட்டுக்குப் பாதுகாப்பு இருந்தது. ஆறு நூற்றாண்டுக்கு முன்பே இதையெல்லாம் யோசித்த ஆட்சி ஒன்று இருந்திருக்கிறது. நம் காலத்து ஆட்சிகளைப் பற்றி இங்கே எழுதினால் பக்கம் போதாது.

வல்லூறைப் பார்க்க வடகோடியில் ஃபோர்மென்டோர் முனைக்கோ மேற்கே டிராகோனெரா தீவுக்கோ போக வேண்டும். கோடைப் பகலில் ஃபோர்மென்டோர் சாலையில் சொந்தக் கார்களுக்குக் கட்டுப்பாடு உண்டு, பேருந்தில் போங்கள். ஒரு பக்கம் பாதாளம், எதிரே சைக்கிள்காரர்கள். வானத்தைப் பார்த்தபடி கார் ஓட்ட அது ஏற்ற சாலையும் இல்லை.

கேள்வி: பறவை பார்க்க விடியற்காலையில் எழ வேண்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் பத்து மணிக்கு முன் யாரும் எழ மாட்டார்கள். என்னால் எல்லோரையும் எழுப்ப முடியவில்லை. என்ன செய்ய?
– வாசகர், பாரிஸ்

பதில்: ஏன் எழுப்புகிறீர்கள்? உங்களுக்குக் கிடைத்திருப்பது வரம்.

பறவையின் நேரம் விடிந்ததிலிருந்து ஒன்பது மணிவரை. வண்ணத்துப்பூச்சியின் நேரம் பத்துக்கு மேல். அதற்குக் குளிர்ந்த ரத்தம். இறக்கையை விரித்து வெயிலில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டால்தான் பறக்க முடியும். அதாவது உங்கள் குடும்பம் எழும் நேரமும் வண்ணத்துப்பூச்சி எழும் நேரமும் ஒன்று. முதல் ஷிஃப்டை நீங்கள் தனியாகப் பாருங்கள். ஒன்பதரைக்கு ரொட்டியும் காப்பியுமாக அறைக்குத் திரும்புங்கள். தியாகி என்ற பெயரும் கிடைக்கும். இரண்டாவது ஷிஃப்டில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வண்ணத்துப்பூச்சிக்குப் போங்கள். பறவை எங்கோ மரத்தின் உச்சியில் இருக்கும். "அதோ, அந்த மூன்றாவது கிளைக்கு இடப்பக்கம்" என்று நீங்கள் காட்டி முடிப்பதற்குள் பறந்துவிடும். வண்ணத்துப்பூச்சி குழந்தையின் முழங்கால் உயரத்தில் உட்காரும். பெரியவர்களுக்குத்தான் குனியக் கஷ்டம்.

தேட வேண்டியவை: எலுமிச்சை மஞ்சள் உடம்பில் முன் இறக்கை மட்டும் ஆரஞ்சு தடவிய ஆண் கிளியோபாட்ரா; வாலோடு வரும் மஞ்சள் கறுப்பு அழகி; ஓட்டல் பூச்செடியில் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் விட்டில் ஒன்று. கடைசியில் சொன்னதைப் பார்த்துத் தேன்சிட்டு என்றும் ஹம்மிங்பேர்ட் என்றும் சத்தியம் செய்வார்கள். ஐரோப்பாவில் அவை இரண்டும் கிடையாது. பிள்ளையோடு வாதாடாமல் உணர்கொம்பைக் காட்டுங்கள்.

இன்னொன்று, ஆரஞ்சு நிறத்தில் கறுப்புத் திட்டுகளும், முன் இறக்கை நுனியில் வெள்ளைப் புள்ளிகளுமாகக் காலடியிலிருந்து கிளம்பும். கொஞ்ச தூரம் போய் மறுபடி அதே பாதையில் உட்காரும். ஆங்கிலத்தில் பெயின்டட் லேடி. வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பும் தலைமுறை ஒரு கட்டத்தில் முட்டையிட்டுச் சாகும். அதன் பிள்ளைகள் அங்கிருந்து வடக்கே போகும். பேரப்பிள்ளைகளோ அதற்கடுத்தவர்களோ இலையுதிர் காலத்தில் சஹாரா கடந்து திரும்பும். போகவர பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். முழுச் சுற்றையும் முடித்த பூச்சி ஒன்றுகூட இல்லை, வழி சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை. இதே இனம் தமிழ்நாட்டிலும் பறக்கிறது.

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறது. நீச்சல்குளத்தை விட்டு நகர முடியாது. எனக்கு ஏதாவது உண்டா?
– வாசகி, டூட்டிங்

பதில்: மல்லாந்து படுங்கள். மேலே அரிவாள் வடிவத்தில் கீச்சிட்டுப் பறப்பது உழவாரன். பறந்தபடியே உங்கள் குளத்துத் தண்ணீரை ஒரு வாய் கிள்ளிக்கொண்டு போகும். கூடு கட்டும் பருவம் போக, ஏறக்குறைய பத்து மாதம் கால் தரையில் படாமல் வானத்திலேயே உண்டு உறங்கி இருக்கக்கூடியது. கைக்குழந்தைக்காரி உங்களுக்கு ஓட்டத்துக்கு நடுவே தூங்கும் வாழ்க்கையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புல்தரையில் கொண்டலாத்தி வரும். குழந்தை முதலில் கை நீட்டப்போவது அதைப் பார்த்துத்தான்.

கேள்வி: ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் எங்கே போகச் சொல்வீர்கள்?
– வாசகர், டொரொன்டோ

பதில்: சல்புஃபெரா. வடகிழக்குக் கரையில், ஓட்டல் வரிசைக்குச் சாலையின் மறுபக்கம் கிடக்கும் பெரிய சதுப்பு நிலம். கடற்கரையில் குடும்பத்தை இறக்கிவிட்டு நடந்தே போகலாம். உள்ளே கார் கிடையாது. நடை அல்லது சைக்கிள். காசும் கிடையாது. நேராக உள்ளே இருக்கும் சா ரோக்கா தகவல் மையத்துக்குப் போய் அனுமதி வாங்கிக்கொண்டு, மரத்தாலான மறைவிடங்களில் உட்கார வேண்டியதுதான்.

இந்த இடம் இருப்பதே ஒரு தோல்வியின் புண்ணியம். 1863-இல் ஓர் ஆங்கிலேயக் கம்பெனி, பேட்மேன் என்ற பொறியாளரின் தலைமையில், சதுப்பை வற்றவைத்து வயலாக்கப் புறப்பட்டது. வாய்க்கால் வெட்டினார்கள், பாலம் கட்டினார்கள், நீராவிப் பம்பு வைத்து இறைத்தார்கள். கடல் தண்ணீர் கசிந்து உள்ளே வந்தபடி இருந்தது. கம்பெனி நொடித்தது. அவர்கள் பாலத்தை இன்றும் ஆங்கிலேயர் பாலம் என்கிறார்கள். அதைத் தாண்டித்தான் பறவை பார்க்க உள்ளே போகிறீர்கள். பிறகு மிச்சமிருந்ததை ஓட்டல்கள் கடித்தன. 1988-இல் இயற்கைப் பூங்காவாக அறிவித்ததும் கடி நின்றது.

வேட்டையில் அற்றுப்போன நீலத் தாழைக்கோழியை 1991-இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அது நாணலுக்குள்ளிருந்து சிவப்பு மூக்கோடு வந்து வாசலிலேயே நிற்கிறது. வேடந்தாங்கலுக்குப் போய்வந்தவர்களுக்கு இங்கே பாதிப் பேர் தெரிந்த முகம்: அரிவாள் மூக்கன், செந்நாரை, இராக்கொக்கு, நெடுங்கால் உள்ளான். இதைப் பார்க்கவா இவ்வளவு செலவழித்து வந்தோம் என்று தோன்றினால் வெளியே சொல்லாதீர்கள். பக்கத்தில் மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும் ஜெர்மானியர் செந்நாரைக்காகவே வந்திருப்பார்.

கேள்வி: என்ன பைனாகுலர் வாங்கலாம்? மச்சான் 20 மடங்கு பெரிதாகக் காட்டுவதை வாங்கியிருக்கிறார்.
– வாசகர், கொழும்பு

பதில்: மச்சானுக்கு அதில் தெரிவது அவருடைய கை நடுக்கம் 20 மடங்காக. உங்களுக்கு 8x42 போதும்: எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீட்டர் லென்ஸ். பிள்ளைக்கு 8x32, எடை குறைவு. இதே கண்ணாடி இரண்டு மீட்டருக்குள் தெளிவாகக் காட்டுமா என்று கடையிலேயே பாருங்கள். காட்டினால் வண்ணத்துப்பூச்சிக்கும் ஆகும். முக்காலி, பெரிய தொலைநோக்கி, முழ நீள லென்ஸ் வைத்த கேமரா எல்லாம் குருவி தலையில் பனங்காய். சுமக்கப்போவதும் நீங்கள் இல்லை, உங்கள் மனைவி.

கேள்வி: பதினாலு வயது மகள் போனை விட்டு நிமிர்வதே இல்லை.
– வாசகி, மில்டன் கீன்ஸ்

பதில்: நிமிர வேண்டாம். கார்னெல் பல்கலைக்கழகத்தாரின் மெர்லின் செயலியை அந்தப் போனில் இறக்கிக் கொடுங்கள். குரலைக் கேட்டு எந்தப் பறவை என்று சொல்லும், இலவசம். அது சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல. ஆனால் புதருக்குள் பாடுவது நைட்டிங்கேல் என்று உங்களுக்கு முன்னால் மகள் சொல்லிவிட்டால், அப்புறம் அவளைப் பிடிக்க முடியாது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கக் கூடாது. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, குஞ்சுக்கு இரை தேடுவதை விட்டுவிட்டு அது போனோடு சண்டை போடும். வீட்டில் நமக்கு நடப்பதே போதும்.

கேள்வி: கழுகு பார்க்க மலை ஏற வேண்டுமா? மாமனாருக்கு முழங்கால் வலி.
– வாசகர், கோவை

பதில்: கார் ஏறும். டிரமுன்டானா மலைத்தொடரில் கூபெர் நீர்த்தேக்கம் சாலையோரத்திலேயே இருக்கிறது. ஏரியைச் சுற்றும் பாதை பெரும்பாலும் சமதளம். மாமனாரை ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வைத்து, பத்து மணிக்கு மேல் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பாறை சூடேறி வெப்பக்காற்று எழும்பினால்தான் பெரிய கழுகுகள் இறக்கையை அசைக்காமல் மேலே ஏறும். ஆகவே விடியலில் போய் நடுங்குவது வீண்.

கதவை நீட்டிப் பிடித்ததுபோல் கறுப்பாக வருவது கரும்பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு. இறக்கை விரிப்பு மூன்று மீட்டரை ஒட்டும். தீவு ஒன்றில் நிலைத்து வாழும் கூட்டம் இந்த இனத்துக்கு உலகில் இது ஒன்றுதான். நஞ்சு வைத்த இறைச்சியால் 1980-களில் இருபதை ஒட்டிக் குறைந்துபோயின. கூண்டில் வளர்ந்தவற்றைக் கொண்டுவந்து விட்டு, இரை போட்டு, நஞ்சு வைப்பவர்களோடு மல்லுக்கட்டித்தான் மீட்டார்கள். 2008-இல் ஒரு புயல் நிலப்பகுதியிலிருந்து இன்னொரு பாறு இனத்தை அள்ளிக்கொண்டு வந்து போட்டது. அவை ஊர் பிடித்துப்போய்த் தங்கிவிட்டன. மோயாற்றுப் பாறுகளைப் பற்றிக் கவலைப்படும் கோவைக்காரருக்கு ஒரு வயிற்றெரிச்சல் செய்தி: பாறுகளைக் கொல்லும் டைக்ளோபினாக் மருந்தைக் கால்நடைக்குக் கொடுப்பதை இந்தியா 2006-இல் தடை செய்தது. அதே மருந்துக்கு ஸ்பெயின் 2013-இல் அனுமதி கொடுத்தது.

கேள்வி: இதில் எதைச் சாப்பிடலாம்?
– மாமா, பெயர் வேண்டாம் என்கிறார்

பதில்: எதிர்பார்த்தேன். ஊர்க்காரர்கள் பூங்குருவியை முட்டைக்கோசு இலையில் பொதிந்து சமைத்தவர்கள்தான். இலையுதிர் காலத்தில் ஒலிவம்பழத்துக்காக வரும் பறவையை மலைக் கணவாயில் வலை விரித்துப் பிடிக்கும் பழக்கம், உரிமத்தோடு இன்னும் இருக்கிறது. உணவகத்தில் அதே முட்டைக்கோசுப் பொதிக்குள் பன்றி இறைச்சி கிடைக்கும். மாமா அதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

கேள்வி: ஓட்டல் பால்கனித் தொட்டியில் ஜெரேனியம் பூ வாடிக் கிடக்கிறது. உள்ளே புழு. புகார் செய்யலாமா?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: முதலில் காத்திருந்து பாருங்கள். பழுப்பு இறக்கையும் குட்டி வாலுமாக நகத்தளவு வண்ணத்துப்பூச்சி ஒன்று வரும். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது, செடியோடு செடியாக வந்து இறங்கி, 1990 வாக்கில் ஐரோப்பாவிலேயே முதன்முதலாகக் காலூன்றியது இந்த மயோர்க்காவில்தான். இன்று மத்தியதரைக் கரை முழுக்கப் பால்கனிகளில் குடியிருக்கிறது. தோட்டக்காரருக்குத் தொல்லை, உங்களுக்கு அறையை விட்டு நகராமல் ஓர் இனம்.

கேள்வி: வண்ணத்துப்பூச்சியை வரவழைக்க வேண்டும் என்று சொல்லி என் வீட்டுக்காரர் பால்கனியில் ஒயினும் அழுகின வாழைப்பழமும் வைக்கிறார். இப்படியும் ஒரு பூச்சி உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: உண்டு, வருத்தத்தோடு சொல்கிறேன். இரட்டைவால் பாஷா. உள்ளங்கை அளவு, கரும்பழுப்பில் ஆரஞ்சுக் கரை, பின் இறக்கை ஒவ்வொன்றிலும் இரண்டு வால். பூவைத் திரும்பியும் பார்க்காது. புளித்த பழமும் மதுவும்தான் வேண்டும். புழுப் பருவத்தில் ஸ்ட்ராபெர்ரி மரம் என்கிற காட்டுச் செடியின் இலையைத் தின்று ஒழுக்கமாக வளர்ந்ததுதான். இறக்கை முளைத்ததும் இப்படி.

ஆனால் அது வருவது மே, ஜூனிலும், பிறகு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலும். வெயிலில்தான் வரும். அதற்கு வேண்டியது ஒரு மூடி ஒயின். உங்கள் வீட்டுக்காரர் ஏப்ரல் மாதத்தில், இருட்டிய பிறகு, முழு பாட்டிலோடு காத்திருக்கிறாரா என்று எழுதுங்கள். அடுத்த இதழில் அது என்ன இனம் என்று சொல்கிறேன்.