கறுத்தால் வெள்ளை: பாகூர், வில்லியனூர் வரப்புகளில் கரிசலாங்கண்ணியைப் பிரித்தறிதல் பற்றிய ஓர் ஆய்வு

கரிசலாங்கண்ணி எது, எது இல்லை என்ற வினாவை அறிஞர் உலகம் புறக்கணித்துவிட்டது என்று சொல்ல முடியாது. தாவரவியலார் லின்னேயஸ் 1753இலேயே இதில் தலையிட்டுவிட்டார். வெள்ளைப் பூப் பூப்பதையும் மஞ்சள் பூப் பூப்பதையும் வெர்பெசினா என்ற ஒரே பேரினத்தில் போட்டார். 1771இல் தாமே மனம் மாறி எக்லிப்டா என்று புதுப் பேரினம் வைத்து வெள்ளையைத் தனிக்குடித்தனம் அனுப்பினார். ஆனால் அவர் பாகூர் ஏரிக்கரையில் கீரை பறித்தவரல்லர். ஆகவே ஆய்வில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதை நிரப்பவே இக்கட்டுரை.

ஆய்வெல்லை புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்கள். வரப்புக்கு இந்தப் பக்கம் பூத்தால் புதுச்சேரிச் செடி, அந்தப் பக்கம் சாய்ந்து படர்ந்தால் தமிழ்நாட்டுச் செடி என்பதான நிலப்பரப்பு இது. எல்லை விஷயத்தில் செடிகள் ஒத்துழைக்கவில்லை.

முதலில் ஓர் அடிப்படை. சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் பூ என்று கிள்ளுவது ஒரு பூ அன்று. அது ஒரு கொம்யூன் பஞ்சாயத்து. நம் ஆய்வுக்குரிய செடிகளில் வெளிவட்டத்தில் இதழ்போல் நிற்பவை எல்லாம் பெண்பூக்கள், நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவை இருபாற்பூக்கள். மகளிர் ஒதுக்கீட்டைச் சட்டம் வருமுன்பே நிறைவேற்றிய அவை; ஆனால் அவர்களை ஓரத்தில்தான் உட்கார வைத்திருக்கிறது.

இனி, செடியை அடையாளம் காண்போரின் கட்சிகள். மூத்தது சாறுக்கட்சி. அதன் தலைமைப் பேராசிரியை ஏரிக்கரையில் மடி நிறையக் கீரையோடு எதிர்ப்பட்ட ஓர் ஆயா. "பூவ ஏன் சாமி மொறச்சிப் பாக்கற? தண்ட ஒடிச்சிக் கையில தேய். கறுத்தா வெள்ளக் கரிசலாங்கண்ணி." கறுத்தால் வெள்ளை என்னும் இம்முடிபு தருக்க நூலாரைத் திகைக்க வைக்கலாம், செடியைத் திகைக்க வைக்கவில்லை. ஒடித்த தண்டின் சாறு காற்றுப்பட்டுச் சற்று நேரத்தில் கறுக்கிறது. காம்பில்லாமல் எதிரெதிராக ஒட்டிய நீண்ட இலை, தடவினால் சொரசொரப்பு, நூல்நூலான வெள்ளை இதழ்கள், வாய்க்கால் ஈரம். இத்தனையும் கூடினால் ஐயமில்லை.

இரண்டாவது கட்சி நிறக்கட்சி. வெள்ளையாக இருந்தால் கரிசலாங்கண்ணி என்பது அதன் கொள்கை. இக்கட்சியினர் கிணற்றடிப்பூண்டையும் முடித்தைலத்தில் போட்டுக் காய்ச்சுகிறார்கள். வெட்டுக்காயத்துக்கு இலையைக் கசக்கி வைப்பார்களே, பிள்ளைகள் பூவின் தலையைச் சுண்டிப் பறக்கவிடுவார்களே, அந்த அமெரிக்க வெப்பமண்டலத்து வந்தேறிதான். அதன் பூ தனியாக, ஒரு சாண் காம்பில், ஊர்வம்பு கேட்பதுபோல் எட்டிப் பார்க்கும். இதழ்கள் அகலமானவை, ஐந்தாறுக்கு மேல் இல்லை, நுனியில் மூன்று பல். முற்றினால் விதை பஞ்சோடு பறக்கும். கரிசலாங்கண்ணி விதைக்குப் பஞ்சில்லை. விழுந்த இடத்திலேயே கிடக்கும், அல்லது தண்ணீரில் போகும். ஊதிப் பார்த்து முடிவு செய்யலாம். நிறக்கட்சியில் ஊதுவார் யாருமில்லை.

உண்மையான சிக்கல் மஞ்சளில்தான். வடலூர் வள்ளலார் கரிசலாங்கண்ணியை ஞான மூலிகையாக உயர்த்திச் சொன்ன வட்டாரம் இது. கீரை வேண்டாத வீடில்லை. பொற்றலைக் கையான் எனப்படும் மஞ்சள் கரிசலாங்கண்ணி தோட்டத்து ஈரத்தில் தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடும். இலை நீளம், ஓரத்தில் பல் இருந்தாலும் பெயருக்குத்தான். அதே மாதிரி படர்ந்து, அதே மஞ்சளில், இன்னும் பெரிதாக, இன்னும் பளபளப்பாகப் பூக்கிறது மனைப்பிரிவுகளின் மதிலோரத்து அழகுச்செடி. மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் பெயர் இருக்கிறது. நர்சரிக்காரருக்கு அது வெடேலியா. வாங்கியவரின் மாமியாருக்கு அது கீரை. இலையைப் பாருங்கள்: மூன்று மடலாகப் பிரிந்திருந்தால் பொரியல் வேண்டாம். ஓர் இலையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. மடல் விடாத இலைகளும் அதே கொடியில் உண்டு.

இங்கே விஞ்ஞானம் மாமியாருக்குத் துணை போயிருப்பதை வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டும். 1996இல் புரூஸ்கி என்ற தாவரவியலார் நாட்டு மஞ்சளையும் மதில் மஞ்சளையும் வெடேலியாவிலிருந்து கிளப்பி, ஸ்பாக்னெட்டிகோலா என்ற ஒரே பேரினத்தில் சேர்த்து வைத்தார். அதற்கு நாற்பது ஆண்டு முன்பு, 1956இல், சென்னை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரி குழுவினர் மஞ்சள் கரிசலாங்கண்ணியில் கிடைத்த வெடலோலாக்டோன் என்ற பொருளின் வேதி அமைப்பைக் கண்டுசொன்னார்கள். அது வெள்ளையிலும் இருக்கிறது. செடிக்கு வெடேலியா என்ற பெயர் போயிற்று, பொருளுக்குப் போகவில்லை. வெள்ளைக்கு அந்தப் பெயர் வழங்குவதில்லை. அது இதில் தலையிடவும் இல்லை.

எஞ்சியிருப்பது நீலக் கரிசலாங்கண்ணி. மூலிகை பேசுவோர் எல்லாரும் குரலைத் தாழ்த்திக் குறிப்பிடும் இனம். உண்டவர் முடி நரைக்காது என்பர். இதைச் சொன்னவர்களின் முடி நரைத்திருந்தது. பாகூரில் விசாரித்தால் வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரிக் கரையில் இருக்கிறது என்கிறார்கள். வில்லியனூரில் விசாரித்தால் பாகூர்ப் பக்கம் கை நீட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே தேட அரியாங்குப்பம் கொம்யூன் இருக்கிறது. பேருந்துக் கட்டணம் யாராவது கொடுத்தால் ஆய்வு அங்கும் தொடரும்.